திங்கட்கிழமை தொட்டியில் இறங்கும் தோல்கள்

என் மகனுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். மேல்விஷாரத்துக்குப் பக்கத்தில் பாலாற்றங்கரையில் பூட்டிக் கிடந்த தோல் பதனிடும் ஷாப்பை நீயும் உன் தோஸ்த் ரஹீமும் குத்தகைக்கு எடுத்துவிட்டீர்கள், தொட்டிகளில் தேங்கிய மழைத்தண்ணீரைத் தவளைகளோடு இறைத்துக் கொட்டியாயிற்று, வருகிற திங்கட்கிழமை முதல் தோல்களை இறக்குகிறீர்கள் என்ற உன் கடிதத்தை, தபால்காரர் தெருமுனை திரும்புவதற்குள் படித்து முடித்துவிட்டேன். உடனே காப்பிக் கடைக்குப் போய், "நான் சொன்னேனா இல்லையா?" என்று கேட்டேன். சொன்னாய் என்று ஒப்புக்கொள்ள அங்கே ஓர் ஆள் இல்லை. ஆம்பூர்க்காரர்கள் அப்படித்தான். நீ நாலு வயதில் உன் அப்பாவின் செருப்பை ஆற்று மணலில் புதைத்துவைத்து, "நாளைக்கு எடுத்தா கெட்டியா ஆய்டும்" என்றாயே, அப்போதே உன் அம்மாவிடம், "அண்ணி, இவன் ஒருநாள் ஷாப் வெப்பான், எழுதி வெச்சிக்குங்க" என்றேன். அண்ணிக்கு எழுதத் தெரியாது. அதனால் இன்று என் பக்கம் சாட்சி இல்லாமல் போயிற்று.

உன்னைப் பெற்றவர் என் அண்ணன். அவர் போன பிறகு உன்னை வளர்த்தவன் நான். ஆகையால் நீ என்னைச் சித்தப்பா என்று கூப்பிட்டாலும் உன்னை மகன் என்று எழுத எனக்குப் பாத்தியதை உண்டு. நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும், அதுவும் முழுதாக இல்லை. ஆனாலும் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, இது எந்த அச்சாபீசில் அடித்தது என்று கேட்டது உனக்குத் தெரியும். அந்தக் கையால் எழுதுகிறேன், கவனமாகக் கேள். இந்தக் கடிதத்தை நீ தனியாகப் படிக்காதே. ரஹீமை உட்கார வை. அந்த முனிசாமியையும் கூப்பிட்டு உட்கார வை. நடுவில் நிறுத்தாமல் சத்தம் போட்டு வாசி. நீளமாக இருக்கும். நான் எதையும் சுருக்கமாகச் சொன்னவன் இல்லை.

நீ எழுதியிருந்த பேஜார் இதுதான். ரஹீம் கிருஷ்ணகிரியிலிருந்து முனிசாமி என்ற ஆளை அழைத்து வந்திருக்கிறான். மதராஸில் உங்களோடு தோல் வேலை படித்தவன். கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குழலை, தோல் ஊறப்போடும் பட்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது எந்தக் கோடு வரை மூழ்குகிறது என்று பார்த்தே தண்ணீரின் பலத்தைச் சொல்லிவிடுவான். தொட்டிகளை அவன் பொறுப்பில் விடலாம் என்கிறான் ரஹீம். நீயோ, "கிருஷ்ணகிரிக்காரன் ஒருத்தனாலதான் எங்கப்பா கெட்டார், இன்னொருத்தனை நான் தொட்டி கிட்ட விடமாட்டேன், எங்க சித்தப்பா நாக்கு இருக்கச்சே கண்ணாடி எதுக்கு?" என்று கத்தியிருக்கிறாய். மூன்று நாளாக இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் வந்து மேஸ்திரியாக நின்று தொட்டித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் தோல் இறங்கும், இல்லையென்றால் கூட்டே வேண்டாம் என்று முடித்திருக்கிறாய். மகனே, ஒரு மனிதனுக்கு வயதான காலத்தில் இதைவிடப் பெரிய மரியாதை எது? உன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஊரைச் சுற்றினேன். மூன்றாம் நாள்தான் பேனாவை எடுத்தேன்.

ரஹீமுக்காக நம் வீட்டுக் கதையை முதலிலிருந்து சொல்கிறேன். நீ நூறு முறை கேட்டிருக்கிறாய், பரவாயில்லை, இன்னொரு முறை கேள். ஜெர்மன் சண்டை வந்தபோது ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் ஆற்றங்கரையில் ஷாப் ஷாப்பாக எழும்பியது. பட்டாளத்துக்குப் பூட்ஸ் வேண்டும், பூட்ஸுக்குத் தோல் வேண்டும். வேகன் கிடைக்காமல் தோல் கட்டுகள் ஸ்டேஷனில் மலையாகக் கிடந்தன. எல்லோரும் ஆடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், இது நிற்காது என்று சொன்ன ஒரே ஆள் நான். ஏன் சொன்னேன்? நாம் அனுப்பியது பாதித் தோல். சுண்ணாம்பில் போட்டு மயிர் நீக்கி, சதை வழித்து, பட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவிக் கட்டி அனுப்பிவிடுவோம். சாயம், மினுக்கு, தையல் எல்லாம் சீமையில். அது பூட்ஸாகித் திரும்பி வந்து வேலூர் லாங் பஜாரில் கண்ணாடி அலமாரிக்குள் உட்கார்ந்து நம்மையே வேடிக்கை பார்க்கும். ஒருமுறை அப்படி ஒரு ஜோடியைக் காட்டிக் கடைக்காரரிடம், "இது நான் ஊறவெச்ச தோலுங்க" என்றேன். அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "அப்ப உன் காலுக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்டார். என் காலில் செருப்பில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சாயமும் மினுக்கும் இங்கேயே ஏற்றி, பூட்ஸ் தைக்கத் தயாரான தோலாகவே விற்கப்போகிறோம் என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் அந்தக் கடைக்காரர் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அதற்காகவே இந்த ஷாப் ஓட வேண்டும்.

நான் சொன்னபடியே சண்டை நின்றது, தோலுக்குக் கிராக்கி நின்றது. ஷாப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டின. தொட்டியில் நின்ற ஆட்கள் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போனார்கள். நாங்கள் வேலை செய்த ஷாப் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடியது. அங்கே உன் அப்பா மேஸ்திரி. அது லேசான விஷயமில்லை. அதுவரை நம் தெரு ஆட்கள் தொட்டிக்குள் இறங்குவார்கள். கரைமேல் நின்று இப்படிச் செய், அப்படிச் செய் என்பவர் வேறு தெருக்காரராக இருப்பார். நம் தெருவிலிருந்து முதன்முதல் கரையேறியவர் உன் அப்பாதான். அவரை ஏற்றியது அவருடைய நாக்கு. விடியற்காலையில் பல் விளக்கி, கிணற்றுத் தண்ணீரில் வாய் கொப்பளித்து, வெறும் வயிற்றோடு ஒவ்வொரு தொட்டியாக விரலை நனைத்து நாக்கில் வைப்பார். கண்ணை மூடுவார். "இதுக்கு ரெண்டு கூடை", "இது போதும்" என்பார். ஆவாரம் பட்டை எந்த மலையிலிருந்து வந்தது என்பதைக்கூடச் சொல்லுவார். அதே நாக்கு எனக்கும் உண்டு என்று நான் உனக்குச் சொல்லி வந்திருக்கிறேன். அமிர்திப் பட்டையா ஜவ்வாது மலைப் பட்டையா என்று கண்ணைக் கட்டிக்கொண்டு சொன்னேன் என்றும், அதைக் கேட்ட துரை ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கியதில் மூன்று நாள் கையில் சோப்பு வாசனை போகவில்லை என்றும் சொன்னேன். அந்தத் துரைதான் என் பல்லைப் பார்த்து முத்து என்றார், அன்றோடு வெற்றிலையை விட்டேன் என்றும் சொன்னேன்.

உன் அப்பா நாக்கை மட்டும் நம்பவில்லை. ரஹீம் இதைக் கவனிக்க வேண்டும். எல்லா மேஸ்திரிகளும் நிறத்தைப் பார்த்து, கையால் தடவிப் பார்த்துத் தோல் ஆயிற்று என்று சொல்லிவிடுவார்கள். தோலில் கத்தி வைக்க மாட்டார்கள், வெட்டுப் பட்டால் தரம் இறங்கும். உன் அப்பா ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு தோலை எடுத்துக் கழுத்தோரம் விரற்கடை அளவு வெட்டிப் பார்க்க ஆரம்பித்தார். முதலாளி சாயபு பதறிப்போனார்.

"இன்னா மேஸ்திரி, நல்ல தோல்ல கத்தி வெக்கிறே?"

"ஓரந்தான் சாயபு. உள்ளே பாக்கணும்."

"நிறத்தைப் பாத்தா தெரியாதா?"

"நிறம் மேல இருக்கறத மட்டுந்தான் சொல்லுது."

சாயபு தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் விட்டுவிட்டார். இப்போது மதராஸில் உங்களுக்கு வாத்தியார் சொல்லிக்கொடுத்த சங்கதி, பாடம் இல்லாமல், போர்டு இல்லாமல், ஒரு பேனாக்கத்தியோடு இங்கே நடந்தது. புதுசு என்றால் இயந்திரம் என்று நினைக்காதே. எல்லோரும் போதும் என்று நிறுத்துகிற இடத்தில் ஒருவன் நிறுத்தாமல் இன்னும் ஒரு விரற்கடை உள்ளே பார்த்தான், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் வாட்டல் பட்டை வந்தது. பக்கத்து மலைகளில் ஆவாரஞ் செடியை உரித்து உரித்துப் பட்டைக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து மூட்டை மூட்டையாகக் கப்பலில் வந்து இறங்கியது இந்தப் புதுப் பட்டை. (இதுவும் வரும் என்று நான் சொல்லியிருந்தேன்.) ஆவாரம் சந்தன நிறம் கொடுக்கும், இது செங்கல் நிறம் கொடுக்கும். ஆவாரம் மெதுவாக உள்ளே போகும். இதற்குப் பலம் ஜாஸ்தி. பச்சைத் தோலை எடுத்த எடுப்பில் இதில் போட்டால் மேலே சுரீரென்று பிடித்துக்கொண்டு வாசலை அடைத்துவிடும், உள்ளே ஒன்றும் போகாது. மேலே சிவந்து உள்ளே மாவாகவே நிற்கிற பணியாரம் மாதிரி. உன் அப்பா இதை நாலைந்து தோலை வெட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். முதல் தொட்டிகளில் பழைய ஆவாரந் தண்ணீர், கடைசித் தொட்டியில் மட்டும் புதுப் பட்டை என்று ஒரு வரிசை வைத்தார். அது நன்றாக வந்துகொண்டிருந்தது. பக்கத்து ஷாப்காரர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அப்போது உனக்குப் பத்து வயது. கண் வீங்கிச் சீழ் பிடித்துவிட்டது. உன்னைத் தூக்கிக்கொண்டு உன் அப்பா வேலூருக்கு வைத்தியத்துக்குப் புறப்பட்டார், நாலு நாள். தொட்டிகளை என்னிடம் ஒப்படைத்தார்.

"டேய், மொதல் தொட்டிக்குப் பழைய தண்ணிதான். காலையில வெறும் வாயில வெச்சிப் பாரு. தொவர்ப்பு லேசா இருந்தா போதும். கம்மின்னு தோணினாலும் நான் வர்ற வரைக்கும் கை வெக்காத."

"இன்னாண்ணே, எனக்குத் தெரியாததா?"

"அதான் பயமா கீது."

அவர் போன பிறகுதான் நீ கேட்டு வளர்ந்த கிருஷ்ணகிரிக்காரன் வருகிறான். கூலிக்கு வந்தவன். இடது காது கிழிந்தவன், பேசும்போது ஆளைப் பார்க்காமல் ஆகாயத்தைப் பார்ப்பவன். நான் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் போயிருந்தபோது புதுப் பட்டையைக் கூடை கூடையாக முதல் தொட்டியில் கொட்டிவிட்டான். கேட்டதற்கு, "எங்கூர்ல இப்படித்தான்" என்றான். மூன்றாம் நாள் தோல் எல்லாம் கல்யாணப் பெண்ணுக்குப் பட்டுச் சேலை கட்டியது போலச் சிவந்து நின்றது. பார்த்தவர்கள் எல்லாம் சபாஷ் போட்டார்கள். சாயபு என் தோளில் தட்டினார். நாலாம் நாள் உன் அப்பா வந்தார். நிறத்தைப் பார்த்தார், சிரிக்கவில்லை. ஒரு தோலை இழுத்துக் கழுத்தோரம் வெட்டினார். வெட்டு வாயில் மேலும் கீழும் சிவப்பு, நடுவில் தேங்காய்க் கீற்று மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. இன்னொன்றை வெட்டினார். அதிலும் கோடு. அந்தத் தொட்டி முழுவதும் அப்படி. காய்ந்தால் வெடித்துப்போகிற தோல்.

"யார்ரா கொட்டினது?"

"கிருஷ்ணகிரிக்காரன், கூலிக்கு வந்தவன்."

"எங்கே அவன்?"

"ஓடிட்டாண்ணே."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கத்தியை வேட்டியில் துடைத்துக்கொண்டு முதலாளியிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"சாயபு, தொட்டி கெட்டுப்போச்சி."

"யாரு பண்ணது?"

"என் தொட்டி. நான்தான்."

சாயபு நல்ல மனிதர். தொட்டிவரை வந்து வெட்டிய தோலைப் புரட்டிப் பார்த்தார். கடைசியில், "உன்னை வெச்சிக்கினா நாளைக்கு மத்தவன் கெடுத்தா நான் இன்னா கேக்கறது, மேஸ்திரி?" என்றார். வேலையை விட்டு அனுப்பும்போதும் மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார். அதற்குப் பிறகு யாரும் உன் அப்பாவை அப்படிக் கூப்பிடவில்லை. அவர் பேர்ணாம்பட்டில் வேறொரு ஷாப்பில் சதை வழிக்கிற கூலியாகச் சேர்ந்தார். கரையிலிருந்து மறுபடி உள்ளே இறங்கினார். அவர் வைத்த வரிசையைப் பக்கத்து ஷாப்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அது அவர் வைத்தது என்று எவரும் சொல்லவில்லை. மூன்று வருஷம் கழித்து ஒரு காய்ச்சலில் போனார். அதிலிருந்து உன் அம்மா ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தக் கிருஷ்ணகிரிக்காரனைத் திட்டிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். "அவன் கை வெளங்காம போவ" என்பார். நானும் பக்கத்தில் நின்று, "ஆமா, போவ" என்பேன்.

வாசிப்பதை நிறுத்தாதே, மகனே. ரஹீம் உன்னைப் பார்ப்பான், பார்க்கட்டும். முனிசாமி எழுந்து போகப் பார்ப்பான், போகவிடாதே. இனி வருவதுதான் அவனுக்காக எழுதியது.

அந்த நாலு நாளும் முதல் தொட்டியில் விரல் வைத்தவன் நான்தான். உன் அப்பா ஊரில் இல்லை, கரைமேல் நான் நிற்கிறேன். அந்த மிதப்பில் விடியற்காலையிலேயே வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றும் வாயில் போட்டு மென்றுகொண்டு வந்தேன். விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். பாக்கின் துவர்ப்புக்கு முன்னால் தொட்டித் தண்ணீர் பச்சைத் தண்ணீராகத் தெரிந்தது. கம்மி என்று முடிவு செய்தேன். ஆட்கள் வேலைக்கு வருவதற்குள் நானே கூடையைத் தூக்கி நானே கொட்டினேன். மறுநாள் பார்த்தால் அப்போதும் கம்மி. மறுபடி கொட்டினேன். நிறம் சிவந்து வந்ததும், அண்ணனைவிட எனக்கு நன்றாகத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். இதுதான் நடந்தது. அன்று மாலை, வேலை போன கையோடு உன் அப்பா வீட்டுக்கு நடந்தார், நானும் கூடவே நடந்தேன். வாசலில் கால் கழுவும்போது, "இனிமே வெத்தலை போடாத" என்றார். அவ்வளவுதான். துரையும் இல்லை, முத்துப் பல்லும் இல்லை. நான் வெற்றிலை தொடாதது அந்த ஒரு வார்த்தைக்காக. அவருக்குத் தெரியும். தெரிந்துதான் என் தொட்டி என்றார். நம் தெருவில் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வேலை போக வேண்டாம் என்று நினைத்தாரா, நான் அவர் தம்பி என்று நினைத்தாரா, கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்று வருஷம் இருந்தது, கேட்கவில்லை.

ஆகையால் என் நாக்கை நம்பி ஒரு தோலையும் இறக்காதே. தொட்டிகளை முனிசாமியிடம் கொடு. அவன் குழலுக்கு வாய் இல்லை, வெற்றிலை போடாது, சபாஷுக்கு மயங்காது. ஆனால் குழல் சரி என்று சொன்னாலும் நீ கத்தியை எடுத்து ஒரு தோலின் கழுத்தோரம் வெட்டிப் பார். அதற்கு உன் அப்பா பெயரை வை. ஷாப்பில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியட்டும். ரஹீமிடம் நீயாகப் போய்ப் பேசு. நீ போட்ட சண்டை முழுக்க என் வாயிலிருந்து வந்தது, அதற்கு நீ வெட்கப்பட ஒன்றுமில்லை. அங்கே உன்னோடு இருக்கிற உன் அம்மாவிடம் நானே சொல்கிறேன். உன் தலையில் அதைப் போடமாட்டேன். இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்த மறுநாள் காலை பஸ்ஸில் வருகிறேன். அவர் என்னைத் திட்டும்போது நீ நடுவில் வரக்கூடாது. இத்தனை வருஷமாக வேறு ஆளுக்குப் போன திட்டு அது.

அதன் பிறகும் எனக்கு உன் ஷாப்பில் இடம் உண்டென்றால் தொட்டிப் பக்கம் வேண்டாம். வாசலில் ஒரு முக்காலி போடு. தோல் வாங்க வருகிறவர்களிடம் பேச ஓர் ஆள் வேண்டும். உன் தோலைப் பற்றி நான் சொல்வதில் பாதியை அவர்கள் நம்பினால்கூடப் போதும். மீதியை நீ வெட்டிக் காட்டு.

முனிசாமியிடம் ஒன்று சொல்லிவிடு. அந்தக் காது கிழிந்த கூலிக்காரன் என்று ஒருவன் இருந்ததே இல்லை. அண்ணன் கேட்ட அந்த நிமிஷத்தில், தூரமாக இருக்கிற ஓர் ஊர்ப் பெயர் வேண்டியிருந்தது, வாயில் வந்ததைச் சொன்னேன். காதை அதற்கப்புறம் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்தேன். கிருஷ்ணகிரியை நான் இன்றுவரை கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

இப்படிக்கு,
உன் சித்தப்பா